ஜூரி என்னும் சொல்



நான் வரலாற்றுப் பாடம் நடத்திவந்த நாளில் ஒரு மாணவன் கேட்ட வினாவோடு இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். அன்றைய பாடம் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியைப் பற்றியது. அம்மன்னன் 1166-ஆம் ஆண்டில் ஜூரி முறைக்கு அடிகோலினான் என்று கூறினேன். ஜூரி என்றால் என்ன என்பதையும் விளக்கினேன். வழக்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத பன்னிரண்டு பொதுமக்கள் நீதிமன்றத்தில் வந்து அமர்வார்கள்; இரு திறத்தார் கூறுவதையும் கேட்பார்கள்; பிறகு கூடிப் பேசி, நிற்பவன் குற்றவாளியா அல்லனா என்று முடிவு சொல்வார்கள் என்றேன்.

பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, அந்தக் காலத்துச் சிற்றூரில் ஒரு திருட்டு நடந்தால் ஊரார் எல்லாருக்கும் தெரிந்திருக்குமே! ஒன்றும் தெரியாத பன்னிரண்டு பேரை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. “பாடப் புத்தகத்தில் உள்ளதைப் படி” என்று சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் சட்ட வரலாற்றை ஓரளவு ஊன்றிப் படித்தபோதுதான், அவன் ஐயம் சரியானது, என் விளக்கமே பிழையானது என்பதை உணர்ந்தேன். 1166-இல் தேடப்பட்டவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர், எல்லாம் அறிந்தவர்கள். நான் இன்றைய சொல்லின் பொருளை எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சியின்மேல் ஏற்றிச் சொல்லிவிட்டேன். சொல் ஒன்றே, பொருள் வேறு. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகவே இன்றைய பேச்சை எண்ணுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். 1066-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அந்நாட்டின் அரசவையிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு மொழி குடிகொண்டது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடவேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் பிறந்தும், சட்ட ஏடுகளில் பிரெஞ்சு நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆகவே ஆங்கிலச் சட்டச் சொற்களுள் பெரும்பாலானவை பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தவை. ஜூரி என்பதும் அத்தகையதே. இலத்தீனில் ‘யூராரே’ என்றால் சத்தியம் செய்தல் என்று பொருள். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லே இங்கிலாந்தில் ஜூரி ஆயிற்று. ஜூரர் என்பவர் சத்தியம் செய்தவர். ஜூரி என்பது சத்தியம் செய்தவர்களின் கூட்டம். பொய்ச் சத்தியத்தைக் குறிக்கும் ‘பெர்ஜுரி’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது. ஜூரியின் முடிவுக்கு ‘வெர்டிக்ட்’ என்று பெயர். அதனைப் பிரித்துப் பார்த்தால், மெய்யாகச் சொல்லப்பட்டது என்னும் பொருள் கிடைக்கும். மெய்யுரை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதி வழங்குதல், தீர்ப்புக் கூறுதல், எண்ணித் தெளிதல் என்னும் பொருள்களுள் ஒன்றும் இச்சொற்களின் வேரில் இல்லை. சத்தியம் செய்தல், மெய் சொல்லுதல் என்னும் இரண்டே உள்ளன. இவை யாருடைய செயல்கள்? சாட்சியின் செயல்கள் அல்லவா? ஜூரி என்னும் சொல் சாட்சிக் கூண்டில் பிறந்து, பிறகு தீர்ப்பாளர் இருக்கைக்குச் சென்றது. அப்பயணத்திற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிடித்தன.

முதற்படியில் ஜூரிக்கு வழக்குகளோடு தொடர்பே இல்லாதிருந்தது. வில்லியம் மன்னன் தான் வென்ற நாட்டின் செல்வத்தைக் கணக்கிட விரும்பினான். 1086-ஆம் ஆண்டில் அவனுடைய ஆணையாளர்கள் நாடெங்கும் சென்றார்கள். ‘ஹண்ட்ரட்’ எனப்பட்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் ஊரறிந்த மனிதர் சிலரை வரவழைத்துச் சத்தியம் செய்வித்தார்கள். இந்நிலம் முந்திய மன்னன் காலத்தில் யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் உள்ளது, எத்தனை ஏர்கள் உள்ளன, மதிப்பு என்ன என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன விடைகளே ‘டூம்ஸ்டே’ ஏடு என்னும் பெருங்கணக்காயின. நம் நாட்டில் நில அளவைக்கு வரும் அதிகாரி ஊர்ப் பெரியவர்களை அழைத்து எல்லை கேட்பதில்லையா? அதனை ஒத்ததே இது. அரசனுக்குத் தெரியாததை ஊரார் சத்தியத்தின்பேரில் சொல்வதே அன்றைய ஜூரி.

இரண்டாம் படியில், அந்த ஊரறிவைக் குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க இரண்டாம் ஹென்றி பயன்படுத்தினான். நான் பாடத்தில் சொன்ன 1166-ஆம் ஆண்டின் ஆணை இதுவே. கிளாரண்டன் என்னும் இடத்தில் பிறப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நேர்மையுள்ள பன்னிருவரும், ஒவ்வோர் ஊரிலிருந்தும் நால்வரும் சத்தியம் செய்து, தங்கள் பகுதியில் கொள்ளைக்காரன், கொலைகாரன், திருடன் என்று பெயர்பெற்றவர் யார், அவர்களுக்கு அடைக்கலம் தருவோர் யார் என்று அரசனின் நீதிபதிகளிடம் அறிவிக்கவேண்டும். அக்காலத்தில் காவல் துறை இல்லை, துப்பறிவாரும் இல்லை. ஊராரே காவலர், ஊராரே குற்றம் சாட்டுவோர். அந்த ஜூரர்கள் தீர்ப்புக் கூறவில்லை. குற்றம் மட்டுமே சாட்டினார்கள்.

அவ்வாறாயின் தீர்ப்பை யார் கூறினார்? கடவுள் கூறினார் என்று அம்மக்கள் நம்பினார்கள். கிளாரண்டன் ஆணைப்படி, குற்றம் சாட்டப்பட்டவனைக் கட்டி நீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. திருநிலைப்படுத்திய நீர் பாவியை ஏற்காமல் தள்ளிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திச் சில அடி தூரம் நடக்கச் செய்யும் சோதனையும் உண்டு. மூன்று நாள் கழித்துக் கட்டை அவிழ்த்து, புண் ஆறத் தொடங்கியிருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். நீர்ச் சோதனையில் தேறியவனும், ஊராரால் மிகக் கெட்டவன் என்று சொல்லப்பட்டவனாயின் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அவ்வாணை கூறியது. கடவுளே விடுவித்தாலும் ஊரார் சொல் அவனை விடவில்லை! அப்பன்னிருவர் சொல்லுக்கு இருந்த ஆற்றலை இதனால் அறியலாம்.

இந்தக் குற்றஞ்சாட்டும் குழுவே பிற்காலத்தில் ‘கிராண்ட் ஜூரி’ எனப் பெயர்பெற்றது. தீர்ப்புக் கூறும் குழுவுக்குப் ‘பெட்டி ஜூரி’ என்று பெயர். கிராண்ட் என்றால் சிறப்பு வாய்ந்தது, பெட்டி என்றால் அற்பமானது என்று மாணவர் பலர் கருதுவர். அது தவறு. பிரெஞ்சு மொழியில் இவ்விரு சொற்களும் பெரியது, சிறியது என்றே பொருள்படும். முன்னதில் இருபத்துமூவர் வரை இருக்கலாம், பின்னதில் பன்னிருவர். அற்பம் எனத் தோன்றும் பெயரைத் தாங்கிய குழுவின் கையில்தான் மனிதனின் உயிர் இருந்தது. இங்கிலாந்தில் கிராண்ட் ஜூரி 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ மறைந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மைய அரசு நீதிமன்றங்களில், 1791-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தின் காரணமாக, அது இன்றும் நிலைத்திருக்கிறது.

மூன்றாம் படிக்கு வருவோம். 1215-ஆம் ஆண்டில் உரோமில் கூடிய நான்காம் இலாத்தரன் திருச்சபைப் பேரவை, குருமார் நீர்ச் சோதனையிலும் நெருப்புச் சோதனையிலும் பங்கு பெறக்கூடாது என்று தடை விதித்தது. குருவின் சடங்கு இல்லையேல் அச்சோதனைக்குப் பொருளில்லை. ஆகவே இங்கிலாந்தின் நீதிபதிகள் திகைத்து நின்றார்கள். சிறையில் குற்றஞ்சாட்டப்பட்டோர் இருக்கிறார்கள். தீர்ப்புக் கூறி வந்த கடவுளோ இனி நீதிமன்றத்துக்கு வரமாட்டார். என்ன செய்வது? 1219-இல் அரசின் ஆணை ஒன்று, இனி அச்சோதனைகள் வேண்டா என்று நீதிபதிகளுக்கு அறிவித்தது. வேறு தெளிவான வழி எதனையும் கூறவில்லை. நீதிபதிகள் கண்முன் இருந்த ஒரே கருவி ஊரறிந்த பன்னிருவர்தாம். குற்றம் சாட்டிய அவ்வூராரையே நோக்கி, இவன் குற்றவாளிதானா என்றும் கேட்கத் தொடங்கினார்கள். நாம் அறிந்த ஜூரி இப்படித்தான் பிறந்தது. யாரும் திட்டமிட்டு அதனை அமைக்கவில்லை. ஓர் இடம் காலியாயிற்று, அது வந்து அமர்ந்தது.

கடவுளின் தீர்ப்புக்குப் பதிலாக அயலாரின் தீர்ப்பா என்று அக்கால மக்கள் தயங்கியிருப்பர். அதனால் குற்றஞ்சாட்டப்பட்டவன் தானே இசைந்தாலன்றி ஜூரி அவனை விசாரிக்க முடியாது என்பது விதியாயிற்று. நாட்டாரிடம் என்னை ஒப்படைக்கிறேன் என்று அவன் சொல்லவேண்டும். இங்கே நாட்டார் என்பது ஜூரியைக் குறிக்கும். ஒரு மனிதன் வாழும் பகுதியின் குரலே அப்பன்னிருவர் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது.

இசைய மறுத்தால்? 1275-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோரைக் கடுஞ்சிறையில் அடைக்கச் சொன்னது. நாளடைவில் அது கொடிய வதையாக மாறியது. அவனைத் தரையில் கிடத்தி, மார்பின்மேல் கல்லும் இரும்பும் ஏற்றிக்கொண்டே போவார்கள். அத்துன்பத்தையும் சிலர் விரும்பி ஏற்றனர். காரணம், ஜூரியால் குற்றவாளி எனப்பட்டவனின் உடைமை அரசைச் சேரும். விசாரணைக்கு இசையாமல் மாண்டவனின் உடைமை மனைவி மக்களுக்கு எஞ்சும். யார்க் நகரில் மார்கரெட் கிளிதரோ என்னும் அம்மையார், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணைக்கு இசையாமல், 1586-இல் இவ்வாறு உயிர் நீத்தார். இவ்வதை 1772-இல்தான் ஒழிக்கப்பட்டது.

இனி என் மாணவனின் வினாவுக்கு வருகிறேன். இந்தப் பழைய ஜூரர்கள் வழக்கை அறிந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு மட்டுமன்று, தகுதியும் அதுவே. இரண்டாம் ஹென்றி காலத்தில் நிலவழக்குகளுக்கென்று பன்னிரு வீரமக்களைக் கொண்ட ஓர் ஆயம் ஏற்பட்டது. அவர்களுள் எவரேனும் இந்நிலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தால், அவரை விலக்கிவிட்டு வேறொருவரை அழைப்பார்கள். உண்மை அறிந்த பன்னிருவர் ஒருமித்துச் சொல்லும் வரையில் இவ்வாறு ஆள் சேர்ப்பார்கள். இன்றோ, இவ்வழக்கைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் என்று சொல்பவர் விலக்கப்படுவார்.

அறிந்தவராக இருந்ததனாலேயே அவர்கள் தவறான முடிவு கூறினால் தண்டனையும் உண்டு. தெரியாதவன் தவறு செய்தால் அது பிழை. தெரிந்தவன் தவறாகச் சொன்னால் அது பொய்ச் சத்தியம். இருபத்துநால்வர் கொண்ட மற்றொரு ஜூரி கூடி, முந்திய பன்னிருவர் கூறியது பொய் என்று கண்டால், அப்பன்னிருவரும் சிறை புகுவர். நிலத்தையும் பொருளையும் இழப்பர். இந்நடைமுறை வழக்கொழிந்து நெடுங்காலம் ஆன பின்னும் ஏட்டில் இருந்தது, 1825-இல்தான் நீக்கப்பட்டது.

காலம் மாறியது. ஊர்கள் பெருகின, நகரங்கள் வளர்ந்தன, அண்டைவீட்டான் யார் என்பதே தெரியாத வாழ்க்கை வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில், வெளியிலிருந்து சாட்சிகள் வந்து ஜூரியின் முன் பேசுவது பெருகிற்று. 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அழைக்கப்பட்டும் வராத சாட்சியையும் பொய் சொல்லும் சாட்சியையும் தண்டிக்க வழி செய்தது. சாட்சி சொல்வது வேறொருவர் வேலை என்று ஆனபின், ஜூரர்கள் கேட்போர் ஆயினர். ஆயினும் நீதிபதி விரும்பாத முடிவைக் கூறிய ஜூரர்களைத் தண்டிக்கும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. சாட்சிக்குரிய பொறுப்பு நீங்கியது; சாட்சிக்குரிய அச்சம் நீங்கவில்லை. அவ்வச்சத்தை நீக்கிய வழக்கு 1670-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடந்தது. மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க வழக்கு அது.

குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர்க்கு உரிய கூட்ட மண்டபத்தை அரசு பூட்டிவைத்தது. இருபத்தைந்து வயதைக் கடந்த வில்லியம் பென் என்னும் இளைஞர் கிரேஸ்சர்ச் தெருவில், வெளியிலேயே நின்று சமய உரை ஆற்றினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியா என்னும் குடியேற்ற நாட்டை நிறுவியவர் இவரே. அவரும் வில்லியம் மீட் என்பவரும் சட்டத்துக்கு மாறாகக் கூட்டம் கூட்டிக் கலகம் விளைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். நீதிமன்றத்தில் அவர்கள் தலையில் தொப்பியை மீண்டும் வைக்கச் செய்து, பிறகு தொப்பி அணிந்து நின்றதற்காக நீதிமன்ற அவமதிப்பு என்று அபராதம் விதித்தார்கள் என்றால், விசாரணை சென்ற போக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜூரியின் முடிவைக் கேட்டபோது, தெருவில் பேசிய குற்றம் உண்டு என்று மட்டும் அவர்கள் கூறினார்கள். கலகம் என்று கூற மறுத்தார்கள். பேசுவது மட்டும் குற்றமாகாது. நீதிபதிகள் சினந்தார்கள். உணவின்றி, நீரின்றி, குளிர்காய நெருப்பின்றி அப்பன்னிருவரையும் இரண்டு இரவுகள் அடைத்துவைத்தார்கள். மீண்டும் மீண்டும் அழைத்துக் கேட்டார்கள். இறுதியில் ஜூரர்கள் குற்றவாளிகள் அல்லர் என்றே கூறினார்கள். உடனே ஜூரர் ஒவ்வொருவர்க்கும் நாற்பது மார்க் அபராதம்; கட்டும் வரை நியூகேட் சிறை. எட்வர்ட் புஷல் என்பவரும் அவரோடு சிலரும் அபராதம் கட்டமாட்டோம் என்று சிறையிலேயே இருந்து, ஆட்கொணர் மனு வழியாக மேல் நீதிமன்றத்தை நாடினார்கள்.

தலைமை நீதிபதி ஜான் வாகன் அவர்களை விடுவித்தார். தான் கூறிய முடிவுக்காக எந்த ஜூரரையும் நீதிபதி தண்டிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று வியப்புக்குரியது. ஜூரர்கள் அக்கம்பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். நீதிமன்றத்தில் சொல்லப்படாத செய்திகளையும் அவர்கள் தம் சொந்த அறிவால் தெரிந்திருக்கக்கூடும். அவர்கள் எவற்றைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்பதை நீதிபதி எப்படி அறிவார்? அறியாதபோது முடிவு தவறு என்று எப்படிச் சொல்வார்? இதுவே அவர் வாதம்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஜூரர் என்பவர் அறிந்தவர் என்னும் பழம்பொருள் அப்போது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தத் தேய்ந்த பொருளையே கருவியாகக் கொண்டு, ஜூரர் யாருக்கும் அஞ்சாத தீர்ப்பாளர் என்னும் புதுப்பொருளை வாகன் நிலைநாட்டினார். பழம்பொருள் மறையும் முன் புதுப்பொருளுக்குக் காவலாக நின்றது. புஷலும் அவர் தோழர்களும் காட்டிய உறுதியைப் போற்றும் கல்வெட்டு இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் இன்றும் உள்ளது.

அச்சம் நீங்கிய ஜூரர்கள் என்ன செய்தார்கள்? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குற்றச் சட்டம் மிகக் கொடியது. ஒரு வீட்டில் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று 1713-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. ஜூரர்கள் திருடியவனைக் குற்றவாளி என்பார்கள். ஆனால் பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ஷில்லிங் குறைப்பில் ஓர் உயிர் பிழைத்தது. பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் இதனை அறம் கருதிய பொய்ச் சத்தியம் என்னும் கருத்துப்பட எழுதினார். மெய்யுரைக்கச் சத்தியம் செய்தவர்கள் இரக்கத்தால் பொய்யுரைத்தார்கள். இது சரியா என்று கேட்டால், எளிதில் விடை கூற இயலாது. வாய்மைக்கும் அருளுக்கும் இடையே மனிதன் தடுமாறும் இடம் அது. ஆனால் அத்தடுமாற்றத்தை நாட்டார் கையில் விட்டுவைத்ததுதான் ஜூரியின் சிறப்பு. பின்னாளில் அச்சட்டங்களைச் சீர்திருத்த முயன்றோர்க்கு, ஜூரர்களே இச்சட்டத்தை ஏற்கவில்லை என்னும் சான்று வலிமையான படைக்கலமாயிற்று.

ஜூரியை வானளாவப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவன் ஆவேன். நாட்டார் என்று பெயர் இருந்தது. நாட்டார் யார் என்பது கேள்விக்குரியதாகவே இருந்தது. நெடுங்காலம் சொத்துள்ள ஆடவரே அதில் அமர்ந்தனர். பெண்கள் அமர்ந்தது பெரும்பாலும் ஒரு பணிக்காகவே: தூக்குத் தண்டனை பெற்ற பெண் கருவுற்றிருக்கிறாளா என்று பார்த்துச் சொல்வதற்குப் பன்னிரு பெண்களை அழைப்பார்கள். அது பெண்கள் ஜூரி எனப்பட்டது. 1931-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தேவையின்றிச் செய்தது. மற்ற வழக்குகளில் பெண்கள் அமரும் உரிமை 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தும், சொத்துத் தகுதி பலரைத் தடுத்தது. வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் பொதுவாக ஜூரர் ஆகலாம் என்னும் நிலை 1970-களில்தான் வந்தது. அயல்நாட்டார்க்கு மட்டும் ஒரு காலத்தில் தனிச் சலுகை இருந்தது. வெளிநாட்டு வணிகன் வழக்கில் சிக்கினால், ஜூரியில் பாதிப்பேர் அயல்நாட்டாராக இருக்கும்படி பதினான்காம் நூற்றாண்டுச் சட்டம் வழிசெய்தது. அது 1870-இல் ஒழிந்தது.

நாட்டார் யார் என்னும் வினா, ஆங்கில ஆட்சியோடு இச்சொல் கடல் கடந்தபோது இன்னும் கூர்மையாயிற்று. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் ஆங்கிலேய நீதிமன்றங்களுக்கு ஜூரி வந்தது. இலங்கையில் 1811-ஆம் ஆண்டளவில் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்னும் நீதிபதியின் முயற்சியால் உள்நாட்டு மக்களும் ஜூரர் ஆயினர். 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் லோகமான்ய திலகர் அரசத் துரோகக் குற்றத்துக்காக நிறுத்தப்பட்டார். குற்றத்துக்கு ஆதாரமான கட்டுரைகள் மராத்தி மொழியில் வந்தவை. ஜூரியில் இருந்த ஒன்பதின்மருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். எழுவர்க்கு இருவர் என்னும் கணக்கில் அவர் குற்றவாளி எனப்பட்டு, ஆறாண்டு நாடுகடத்தப்பட்டார். சத்தியம் இருந்தது, பெரும்பான்மை இருந்தது, நாட்டார் இருந்தார்களா என்பதே கேள்வி.

விடுதலைக்குப்பின், 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் குற்றவாளி அல்லர் என்றது. நீதிபதி அதனை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. செய்தித்தாள்களும் மக்கள் உணர்ச்சியும் ஜூரரை அசைத்துவிடும் என்னும் கவலை வலுத்தது. 1973-ஆம் ஆண்டின் குற்ற விசாரணைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் தரப்படவில்லை. அந்த முடிவு நன்றா தீதா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. அதனை எண்ணிப் பார்க்கும் மாணவர், நானாவதியையும் திலகரையும் புஷலையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

இங்கிலாந்தில் ஜூரி இன்றும் வாழ்கிறது. எல்லாரும் ஒருமித்தே முடிவு கூறவேண்டும் என்னும் அறுநூறாண்டு விதி 1967-இல் தளர்ந்தது. பத்துப்பேர் உடன்பட்டால் போதும் என்றாயிற்று. ஸ்காட்லாந்தில் பதினைவர் அமர்வர். எல்லாவற்றினும் வியப்பானது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். விசாரணை நடக்கும்போது ஜூரர் ஒருவர் அவ்வழக்கைப் பற்றி இணையத்திலோ வேறு வழியிலோ தாமே தேடித் தெரிந்துகொண்டால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. 1166-இல் தெரியாது என்பவர் பயன்படமாட்டார். இன்று தெரிந்துகொள்ள முயல்பவர் சிறைக்குச் செல்வார். இரண்டையும் குறிப்பது ஒரே சொல்!

அவ்வாறாயின் மாறாமல் நின்றது எது? சத்தியம். அறிந்ததைச் சொல்வேன் என்று பழைய ஜூரர் சத்தியம் செய்தார். கேட்டதைக் கொண்டு மட்டும், அஞ்சாமலும் சாயாமலும் முடிவு செய்வேன் என்று இன்றைய ஜூரர் சத்தியம் செய்கிறார். திரைப்பட விழாவிலும் ஓவியப் போட்டியிலும் பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுக்கும் குழுவை இக்காலத்தில் ஜூரி என்கிறோம். அங்கே சத்தியமும் இல்லை. சொல் மட்டும் வேரை இழந்து மிதக்கிறது. அதில் தவறில்லை. சொற்கள் அவ்வாறுதான் வாழ்கின்றன.

ஆனால் வரலாறு படிக்கும்போது நாம் விழிப்பாக இருக்கவேண்டும். பழைய ஏட்டில் நமக்குப் பழக்கமான சொல் ஒன்றைக் கண்டால், பொருளும் பழக்கமானதே என்று நம்பிவிடக்கூடாது. இச்சொல்லை அன்று சொன்னவர் எதனை மனத்தில் கொண்டு சொன்னார் என்று ஒரு முறை கேட்கவேண்டும். பின்வரிசையிலிருந்து எழுந்த அம்மாணவன் அதைத்தான் கேட்டான். அவனை உட்காரச் சொன்னது என் பிழை. இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர்கள் அப்பிழையைச் செய்யாதிருப்பார்களாக. மாணவர்கள், ஆசிரியர் சினந்தாலும், ஐயத்தைக் கேட்காமல் விடாதிருப்பார்களாக.